பிச்சையம்மாளின் ஐம்பத்திரண்டு கிலோ

பிச்சையம்மாள் தன் அடுப்பில் எரித்த விறகு மிகக் கொஞ்சம். விற்றதுதான் அதிகம். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அவள் வீடு இருந்தது. அந்த வீட்டில் சோறு பொங்கியது பருத்திமாரில். பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிக் காயப்போட்ட செடியைத்தான் அங்கே பருத்திமார் என்பார்கள். படபடவென்று எரிந்து, உலை கொதிப்பதற்குள் சாம்பலாகிவிடும். நல்ல உசிலை விறகைத் தன் அடுப்பில் வைப்பது, விற்கக் கொண்டுபோன கோழியை வழியில் அடித்துத் தின்பது மாதிரி என்பது அவள் கொள்கை.

ஆகையால், 1993ஆம் வருஷம் காடு அழிவதால் எவ்வளவு கரியமில வாயு ஆகாயத்துக்குப் போகிறது என்று கணக்கெடுக்க வந்த படிவத்தில், 'வீட்டு எரிபொருள்' என்ற கட்டத்தில் 'பருத்திமார்' என்று எழுதப்பட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் மலைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மறுபக்கத்தில் இருந்த ஓர் எண்ணைப் படித்தால் மலை மொட்டையாவதற்கு அவளே முழுமுதற் காரணம். இரண்டு பக்கங்களையும் எழுதியது ஒரே ஆள்தான்.

அவள் பிறந்தது மகாராஜபுரத்தில். பதினேழு வயதில் கருத்தையாவுக்கு வாழ்க்கைப்பட்டு ராஜபாளையம் வந்தாள். கருத்தையா அப்போது பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆட்குறைப்பு வந்தபோது குறைக்கப்பட்ட ஆட்களில் அவரும் ஒருவர். பிறகு ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் காவலாளியானார். காவல் காக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்பதைச் சம்பளத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். 1979இல் பிச்சையம்மாள் மலையேறத் தொடங்கினாள். மூத்த மகளைச் சத்திரப்பட்டியில் கட்டிக்கொடுத்ததும் இளையவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அந்த மலைப்பாதைதான்.

பாதை ஒற்றையடி. பன்னிரண்டு பெண்கள் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய், விழுந்து காய்ந்த கட்டைகளைப் பொறுக்கி, காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து ஏற்றி, நடுப்பகலுக்குள் இறங்கிவிடுவார்கள். இறங்குவதில் ஒரு வரிசை உண்டு. கனத்த சுமைக்காரி முன்னால் வருவாள். அடுத்த கனம் அவளுக்குப் பின்னால். இளைத்த சுமை கடைசியில். கனத்த சுமையோடு நின்றுவிட்டால் மறுபடி நடக்க முடியாது, அதனால் அவளுக்கு முன்னால் யாரும் தடங்கலாக இருக்கக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். முன்னால் வருகிறவளிடம் டீக்கடைக்காரர்கள் முதலில் வாங்குவார்கள் என்பதும் காரணம்தான். யாருடையது கனம் என்பதைத் தராசு வைத்துப் பார்ப்பதில்லை. ஒருவருக்கொருவர் சுமையைத் தலைக்குத் தூக்கிவிடும்போது கைக்குத் தெரிந்துவிடும். எட்டு வருஷமாகப் பிச்சையம்மாள்தான் முதலில் நடந்தாள். எட்டு வருஷமாகச் சண்முகத்தாய் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

1988இல் அந்த மலை சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆனது. அதற்குப் பிறகு விறகு எடுக்கலாம் என்று யாரும் எழுதித் தரவில்லை. எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்ததை யாரும் வாசித்துக் காட்டவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

காமராஜ் வந்தது இப்படி ஒரு நாளில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவர். முந்தைய வருஷம் பிரேசிலில் உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசியிருந்தன. அதைத் தொடர்ந்து டெல்லியில் ஒரு குழு, காடு அழிவதையும் அதனால் எழும் வாயுவையும் குறைக்க நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் தீட்ட உட்கார்ந்தது. திட்டம் தீட்ட எண்கள் வேண்டும். எண்கள் மலையடிவாரத்தில் இருந்தன. அவற்றைப் பொறுக்கி வரக் காமராஜுக்கு மூன்று மாத வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு கைத்தராசும் அறுபது படிவங்களும் கொடுத்தார்கள்.

"அக்கா, ஒரு சுமை எத்தனை கிலோ இருக்கும்?"

"சுமைக்கு ஏது தம்பி கிலோ? சுமைன்னா சுமைதான்."

"ஒரு உத்தேசமாச் சொல்லுங்க."

"தலை தாங்குற அம்புட்டு."

படிவத்தில் அந்தக் கட்டம் மூன்று இலக்கத்துக்கு மட்டுமே இடம் விட்டிருந்தது. காமராஜ் பேனாவை மூடினார்.

"இதெல்லாம் எதுக்குக் கேக்க?" என்றாள் சண்முகத்தாய் பின்னாலிருந்து.

"டெல்லியில திட்டம் போடுதாங்க. காட்டுல இருந்து எம்புட்டு வெளிய போகுதுன்னு தெரிஞ்சாத்தான அதுக்குத் தக்கன ஏற்பாடு பண்ண முடியும்? நாளைக்கு எடை போட்டுப் பாத்துருவோம். எல்லாரும் சுமையோட டீக்கடைக்கிட்ட வந்துருங்க."

அவர் செய்த பிழை 'நாளைக்கு' என்றதுதான். ராஜபாளையம் தராசில் பிழைக்கிற ஊர். நாளை எடை என்றால், மண்டிக்குப் போகிற பருத்தியில் இன்று ராத்திரி பனி இறங்கும், பனிக்காலம் இல்லாவிட்டாலும் இறங்கும். சந்தைக்குப் போகிற கிடா உப்பு நக்கித் தண்ணீர் குடிக்கும். எடை போடுவது என்றால் கூடக் காட்டுவது. குறைத்துக் காட்டினால் நல்லது நடக்கும் என்கிற தராசை அந்த ஊரில் யாரும் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. இதைக் காமராஜ் அறிந்திருக்க வேண்டும். அவர் அப்பாவே பருத்தி வெள்ளாமைக்காரர். ஆனால் படித்த படிப்பு அதை மறைத்துவிட்டது.

வீடு திரும்புவதற்குள் சண்முகத்தாய் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"மதினி, மலைக்குப் போகப் பாசு குடுக்கப் போறாகளாம்."

"ஆரு சொன்னா?"

"ஏற்பாடு பண்ணுதோம்னு அந்தத் தம்பி சொல்லலியா? பொறவு ஏற்பாடுன்னா என்னவாம்? நெசமாச் சுமக்குறவளுக்குப் பாசு. இளஞ்சுமைக்காரியெல்லாம் வீட்டுல கெடன்னு சொல்லிருவாக."

பிச்சையம்மாளுக்கு இது நியாயமாகவே பட்டது. அரசாங்கம் பாதையை எழுதித் தரப்போகிறது. எழுதித் தருகிறபோது யார் பெயரை முதலில் எழுதும்?

மறுநாள் அவள் கட்டிய சுமையைத் தூக்கிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நடுவில், ஓடையில் ஊறிக் கிடந்த ஒரு வாகைக் கட்டையை யாருக்கும் தெரியாமல் வைத்துக் கட்டியிருந்தாள். இறங்கி வருகிற வழியில் ஒரு முறைகூட நிற்கவில்லை. நின்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

டீக்கடை முன்னாலிருந்த வேப்பமரக் கிளையில் காமராஜ் கைத்தராசைத் தொங்கவிட்டிருந்தார். அது முப்பது கிலோ வரைக்கும் காட்டுவது. பிச்சையம்மாளின் சுமையை மாட்டியதும் முள் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. கருவி தன்னால் முடிந்த அளவுக்குச் சந்தேகத்தைத் தெரிவித்துவிட்டது. காமராஜ் அதைக் கருவியின் குறை என்று எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பஞ்சு மண்டியிலிருந்து பொதி நிறுக்கிற தராசைக் கேட்டு வரவழைத்தார். தராசோடு அதை இயக்குகிற பெரியவரும் வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதை நிறுத்தாலும் தெலுங்கில்தான் அறிவிப்பார்.

"யாபை ரெண்டு!" என்றார்.

ஐம்பத்திரண்டு. கூடியிருந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். பிச்சையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தினமும் நடப்பதுதானே என்பது போல நின்றாள். சண்முகத்தாய் நாற்பத்தொன்பது. கடைசியில் வந்த குருவம்மாள் முப்பத்தாறு. பாசு போச்சே என்று அவள் அங்கேயே அழுதாள். பன்னிரண்டு பேருக்கும் சராசரி நாற்பத்துநான்கு கிலோ.

"தெனமும் இம்புட்டாக்கா தூக்குறீங்க?" என்று கேட்டார் காமராஜ். அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"என்னைக்காச்சும் கொஞ்சம் கூடக்கொறைய இருக்கும்" என்றாள் பிச்சையம்மாள்.

அதன் பிறகு நான்கு நாள் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "ஏட்டி, கூப்பிட்டா முழு ஒடம்போட திரும்புதியே, சப்பரம் கணக்கா" என்றார் கருத்தையா. சப்பரத்தைத் திருப்புகிறவர்கள் எத்தனை பேர், தன்னைத் திருப்பிக்கொள்வது ஒரே ஆள் என்று அவள் பதில் சொன்னாள்.

எண் புறப்பட்டுப் போனது. அடிவாரம் முழுவதும் விறகெடுக்கிற பெண்கள் அறுநூறு பேர் என்று எங்கோ ஒரு கணக்கு இருந்தது. அறுநூறை நாற்பத்துநான்கால் பெருக்கி, வருஷத்துக்கு இருநூற்றைம்பது நாளால் பெருக்கினால் ஆறாயிரத்து அறுநூறு டன். அதை டெல்லிக் குழு ஒரு வாய்பாட்டில் போட்டது. வாய்பாட்டில் பிழை எதுவும் இல்லை. பருத்தி நாட்டுத் தராசுக்கு அதில் இடமும் இல்லை. விடை சுத்தமாக வந்தது: இந்த வேகத்தில் போனால் ஐந்து வருஷத்தில் அந்தச் சரிவில் பொறுக்க ஒரு சுள்ளி இருக்காது.

பாசு வரும் வரும் என்று பெண்கள் இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். 1995இல் ரேஞ்சர் வைகுண்டராஜ்தான் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். யாரையும் திட்டத் தெரியாதவர், அதனால் கெட்ட செய்தி சொல்ல அவரையே அனுப்புவார்கள். எல்லோரையும் டீக்கடை முன்னால் உட்காரவைத்து ஒரு காகிதத்தை வாசித்தார். இரண்டு மாதத்தில் பாதை மூடப்படும். விறகெடுப்பு முற்றாக நிற்க வேண்டும். பாதிக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் புகையில்லா அடுப்பு ஒன்று இலவசம்.

"அடுப்ப வச்சி என்ன செய்ய? பருத்திமாருக்குப் புகையே கெடையாது" என்றாள் குருவம்மாள்.

பிச்சையம்மாள் எழுந்து நின்றாள். "ஏன்யா மூடுறீங்க? நாங்க என்ன செஞ்சோம்?"

வைகுண்டராஜ் காகிதத்தைப் புரட்டினார். "ஒரு சுமை நாப்பத்திநாலு கிலோன்னு இருக்கும்மா. அதிகபட்சம் அம்பத்திரெண்டு."

"அது நாந்தான்" என்றாள் பிச்சையம்மாள், பழக்க தோஷத்தில் பெருமையாக. சொன்ன பிறகுதான் தன் வாய் செய்த வேலை அவளுக்குப் புரிந்தது.

ரேஞ்சர் விளக்க முயன்றார். மரத்துக்குள்ளே கரி இருக்கிறது. எரித்தால் வாயுவாகி வானத்துக்குப் போகிறது. போனால் உலகம் சூடாகிறது.

"ராஜபாளையத்துல இதுக்கு முந்தி குளுகுளுன்னா இருந்துச்சு?" என்றாள் சண்முகத்தாய்.

"அய்யா, நாங்க எடுக்குறது கீழ விழுந்த கட்டை" என்றாள் பிச்சையம்மாள். "நாங்க எடுக்கலன்னா அது கெடந்து மக்கிப்போகும். அப்ப அந்தக் கரி எங்க போகும்?"

வைகுண்டராஜ் சற்று யோசித்தார். நேர்மையானவர் என்பதுதான் அவருடைய தொல்லை. "அதுவும் வானத்துக்குத்தான் போகும். ஆனா மெதுவாப் போகும்."

"அப்ப நாங்களும் மெதுவா எரிச்சாப் போதுமா?"

"அப்படியில்லம்மா..."

"டீக்கடைக்காரரு எங்ககிட்ட வாங்கலன்னா மண்ணெண்ணெய் ஊத்துவாரு. அது?"

"அதுவும் போகும். அது இன்னும் மோசம்."

"அப்ப அவரு கடைய மூடலியே. பாதைய எதுக்கு மூடுறீங்க?"

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். மேலிடத்திலிருந்து வந்த காகிதத்தில் கேள்விகளுக்கு இடமில்லை, எண்ணுக்குத்தான் இடம். எண் தப்பு என்றால் மறுபடி எடை போடச் சொல்லி மனுப் போடலாம் என்றார். மனுவில் பன்னிரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள்.

இப்போது விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இது தலைகீழ்த் தராசு. இளைத்தவளுக்குத்தான் லாபம். சண்முகத்தாய் வீட்டில் கூடிப் பேசி, மறு எடை நாளில் யாரும் இருபது கிலோவைத் தாண்டுவதில்லை என்று தீர்மானித்தார்கள். பிச்சையம்மாளுக்குத்தான் அது கசந்தது. இளஞ்சுமையோடு, ஊர் பார்க்க, கடைசியில் நடந்து வர வேண்டும்.

"மதினி, ஒரு நாளைக்கிக் குமரிப் பிள்ளை கணக்கா வந்துட்டுப் போங்களேன். மகுடம் எறங்கிறாது" என்றாள் சண்முகத்தாய். பின்னால் நடந்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அதில் ஒரு ருசி இருந்தது.

அவள் அப்படியே வந்தாள். பதினாறு கிலோ. தலைச்சுமை சும்மாடு இல்லாமலே நின்றது. முன்பே அறிவித்துவிட்டு, அதே காமராஜ், அதே மண்டித் தராசோடு வந்திருந்தார். அவர் வேலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. தராசுப் பெரியவர் "பதஹாரு" என்று அறிவித்துவிட்டு, இந்தச் சின்னப் பொட்டலத்துக்கா என்னைக் கூப்பிட்டீர்கள் என்பது போலப் பார்த்தார். பன்னிரண்டு பேருக்கும் சராசரி பதினெட்டு கிலோ. பெண்கள் சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வைகுண்டராஜ் மறுபடி வந்தார். காமராஜும் கூட வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக நின்றார்.

"ரொம்ப மோசமாப் போச்சும்மா" என்றார் ரேஞ்சர். "நாப்பத்திநாலு பதினெட்டாக் கொறஞ்சிருக்கு. ரெண்டே வருசத்துல காட்டுல விறகு அத்துப்போச்சுன்னு மேல எழுதிட்டாங்க. ரெண்டு மாசம் வேண்டாம், உடனே மூடுன்னு உத்தரவு வரப்போகுது."

டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அய்யா, காடு கொறையல. நாங்கதான் கொறச்சு எடுத்தோம்" என்றாள் பிச்சையம்மாள்.

"ஏன் கொறச்சு எடுத்தீங்க?"

"காட்ட அழிக்கோம்னு நீங்க சொல்லக் கூடாதுன்னு."

"காடு அழிஞ்சுபோனதாலதான் கொறச்சு எடுத்தீங்கன்னு அவங்க சொல்லுதாங்க."

"அப்ப கூட எடுத்தாலும் அழிக்கோம். கொறச்சு எடுத்தாலும் அழிச்சுட்டோம்."

"புத்தகத்தப் பார்த்தா அப்படித்தான் வருதும்மா" என்றார் ரேஞ்சர். அவர் குரலில் இருந்த குழப்பத்துக்கும் அவள் குரலில் இருந்த குழப்பத்துக்கும் படிப்பு மட்டும்தான் வித்தியாசம்.

பாதை போகப்போகிறது என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைத்தது. பாதை போனால் டீக்கடைக்காரர்கள் மண்ணெண்ணெய்க்குப் போவார்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். தான் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மலையைத் தவிர அவளுக்கு வேறு திசை இருந்ததில்லை.

"அய்யா, ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "மொத தடவ நான் தூக்குனது சுமை இல்ல. நடுவுல ஊறுன கட்டை வச்சுக் கட்டியிருந்தேன். அம்பத்திரெண்டு கிலோவை நான் அன்னைக்கி முன்னயும் தூக்கல, பின்னயும் தூக்கல."

வரிசையின் தலை தானே இறங்கி வந்து சொன்னதைக் கேட்டுச் சண்முகத்தாய் எழுந்தாள். ஏதோ சொல்லிக் குத்தப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"மதினி!" என்றாள். "நானும் கல்லு வச்சிருந்தேன்."

"எம்புட்டுக் கல்லுட்டி?"

"ரெண்டு."

"ரெண்டு கல்லு வச்சும் என்னை முந்த முடியலியா?"

அந்த இடத்திலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தி வேர்க்கட்டை என்றாள். இன்னொருத்தி தண்ணீர் தெளித்தேன் என்றாள். குருவம்மாள் மட்டும், "நான் ஒண்ணுமே வைக்கல, காஞ்ச கட்டையவே கூடப் பொறுக்கி நெசமாவே தூக்குனேன், அதுக்குத்தான் கடைசியில வந்தேன்" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழுத அழுகையை மறுபடி தொடங்கினாள்.

காமராஜ் முதல்முறையாக வாய் திறந்தார். "அப்ப உண்மையில ஒரு சுமை எத்தனை கிலோ?"

"சொல்லாம வா தம்பி" என்றாள் பிச்சையம்மாள். "தராசுக்காரரக் கூட்டிட்டு வராத. ஒரு வாரம் டீக்கடையில சும்மா ஒக்காந்திரு. நாங்க எறங்கி வரும்போது பாரு."

காமராஜ் அப்படியே செய்தார். மேலிடத்தைக் கேட்காமல், தன் செலவில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தார். சில நாள் வந்தும் எடை போடாமல் டீ குடித்துவிட்டுப் போனார். சில நாள் திடீரென்று கைத்தராசை எடுத்தார். முப்பது கிலோத் தராசு இப்போது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. பிச்சையம்மாள் இருபத்தெட்டு, இருபத்தாறு, ஒரு நாள் முப்பது. சண்முகத்தாய் இருபத்தேழு. குருவம்மாள் இருபத்தொன்று. எல்லாம் கூட்டி வகுத்தால் இருபத்தைந்து. அந்தக் கணக்கின்படி காடு அழியவும் இல்லை, செழிக்கவும் இல்லை. எப்போதும்போல இருந்தது. இத்தனை சாதாரணமான ஒரு விடையைத் தன் வேலைக்காலத்தில் அவர் கண்டுபிடித்ததே இல்லை. சந்தோஷத்தில் ரேஞ்சரின் கையெழுத்தோடு மேலிடத்துக்கு விளக்கமாக எழுதினார். முதல் எடை பெருமையால் கூடியது, இரண்டாவது பயத்தால் குறைந்தது, மூன்றாவதே மெய் என்று.

மேலிடத்தில் கடிதத்தைக் கவனமாகப் படித்தார்கள். முதல் எண் ஏற்கெனவே அச்சாகி, புத்தகமாகி, பல தேசங்களுக்குப் போய்விட்டது. அதை எடுக்க முடியாது. இரண்டாவது எண் பரிசீலனையில் இருந்தது. அதையும் தள்ள முடியாது. மூன்றாவது எண்ணை நேர்மையான ஓர் ஊழியர் அனுப்பியிருக்கிறார், அதை எப்படி மறுப்பது? மூன்றில் எதையும் புண்படுத்தாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். நாற்பத்துநான்கும் பதினெட்டும் இருபத்தைந்தும் எண்பத்தேழு. மூன்றால் வகுத்தால் இருபத்தொன்பது. மீதியில்லாமல் வகுபட்டது எல்லோருக்கும் ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும்.

1996 தை மாதத்தில் உத்தரவு வந்தது. பாதை மூடப்படவில்லை. முழுமையான ஆய்வு முடியும்வரை இப்போதைய நிலை தொடரலாம். விழுந்து காய்ந்த கட்டைகளை மட்டும் எடுக்கலாம். ஒரு சுமை இருபத்தொன்பது கிலோ என்று நிர்ணயிக்கப்படுகிறது. பாதை தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு சுமையும் எடை போடப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

பெண்கள் ரேஞ்சருக்கு மாலை போட்டார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். "நல்லபடியா முடிஞ்சதும்மா" என்றார். எது முடிந்தது என்று அவருக்கும் தெளிவில்லை. காமராஜின் வேலையும் அந்த மாதத்தோடு முடிந்தது. மூன்று எண்களில் இரண்டு பயன்படாமல் போயிருந்தால், புது எண் தேடச் சொல்லி நீட்டித்திருப்பார்களோ என்னவோ.

பாதை முனையில் ஒரு கொட்டகை போட்டு, வாட்சர் வேலுசாமியை உட்காரவைத்தார்கள். அதே தெருப் பையன்தான், முப்பது வயதுக்காரன், பிச்சையம்மாளுக்குத் தூரத்து உறவில் மகன் முறை. அவன் மேசையில் புதுப் பதிவேடு இருந்தது. பெயர், நிர்ணய அளவு, எடை, குறைவு இருப்பின் காரணம் என்று நான்கு கட்டங்கள். நிர்ணய அளவு என்ற கட்டத்தில் இருபத்தொன்பது என்று ஒவ்வொரு வரியிலும் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள்.

முதல் நாள் பிச்சையம்மாளின் சுமை இருபத்துநான்கு கிலோ. உத்தரவுக்காக அலைந்த அலுப்பில் அன்றைக்குக் கொஞ்சம் இளஞ்சுமையாகக் கட்டியிருந்தாள்.

"சித்தி, அஞ்சு கிலோ கொறையுதே" என்றான் வேலுசாமி.

"கொறஞ்சா ஒனக்கு என்னலே? கூடத்தான கூடாது?"

"கூடுனா என்ன செய்யணும்னு போடல. கொறஞ்சா காரணம் எழுதணும்னு போட்டிருக்கு. என்ன காரணம் எழுத?"

"அலுப்புன்னு எழுது."

"அலுப்புன்னு எழுதுனா மேலிடத்துல என்னை வைவாக. விறகு கெடைக்கலன்னு எழுதவா?"

பிச்சையம்மாள் சுமையை இறக்கிவைத்தாள். விறகு கிடைக்கவில்லை என்று எழுதினால் காடு குறைந்துவிட்டது என்று அர்த்தம். காடு குறைந்துவிட்டது என்றால் பாதையை மூடுவார்கள். அந்தப் பாடத்தை அவள் ஒருமுறை படித்துவிட்டாள். இன்றைக்குத் தனக்கு அலுப்பு என்பதைச் சொல்ல எந்தக் கட்டமும் இல்லை. அவளுக்குப் பின்னால் சண்முகத்தாய் இருபத்தைந்தோடும், குருவம்மாள் இருபதோடும் நின்றார்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் இருபத்தொன்பதைத் தொடவில்லை.

"ஏலே, எழுதாத. செத்த நேரம் இரு" என்றாள் பிச்சையம்மாள். "அஞ்சு கிலோதான, கொண்டாறேன்."

"எல்லாரும் போகணுமா மதினி?" என்றாள் சண்முகத்தாய்.

"போகாம? காட்டுல விறகு இருக்குன்னு காட்ட வேண்டாமா?"

பன்னிரண்டு பெண்களும் சுமைகளைக் கொட்டகை நிழலில் போட்டுவிட்டு மறுபடி ஏறினார்கள். நடுப்பகல் வெயில். பாதையோரத்துக் காய்ந்த கட்டைகளைக் காலையிலேயே பொறுக்கியாயிற்று. தூரம் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஓடைக்கு இப்பால் ஓர் உசிலை நின்றது. கைக்கெட்டுகிற உயரத்தில் மணிக்கட்டுக் கனத்துக்கு நாலைந்து கிளைகள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு வருஷத்தில் அந்த மரத்தின் கீழே எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறாள். இப்போதுதான் அதை நிமிர்ந்து பார்த்தாள். பச்சைக்குக் கனம் அதிகம். காய்ந்ததில் ஒரு கட்டுக்கு ஆவது பச்சையில் நாலு கிளைக்கு ஆகிவிடும். மரத்துக்கும் வலிக்கும்தான். பாதை இருந்தால் நாளைக்கு இதை ஈடு செய்துகொள்ளலாம், பாதை போனால் என்ன செய்வது என்று ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை.

இடுப்பில் செருகியிருந்த அருவாளை எடுத்தாள்.

அவள் இறங்கி வந்தபோது வேலுசாமி சுமையைத் தராசில் ஏற்றினான். நடுவில் நாலு கிளைகளின் வெட்டுவாயில் ஈரம் மினுமினுத்தது. அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு முள்ளைப் பார்த்து இருபத்தொன்பது என்று எழுதினான். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "அடுத்தது ஆரு?" என்றான்.